வெட்டுத் துண்டு யாருக்குச் சொந்தம்?

தையற்கடையின் தரையில் மாலை வேளையிற் கூட்டிக் குவிக்கப்படும் துணித் துண்டுகளைப் பற்றி இத்தகைய ஓர் ஏட்டில் எழுதுதல் தகுமா என்று நண்பர்கள் சிலர் வினவக்கூடும். அறம், உரிமை, உடைமை என்னும் சொற்களைப் பெரிய நிகழ்ச்சிகளோடு மட்டுமே சேர்த்துப் பேசி நாம் பழகிவிட்டோம். நிலம் யாருடையது, ஆலை யாருடையது என்று கேட்கும்பொழுது நமது குரல் உயர்கிறது. ஒரு சாண் துணி யாருடையது என்று எவராவது கேட்டால் நமக்கு நகைக்கத் தோன்றுகிறது. ஆயினும் ஒரு சாண் துணியின் பேரால் நமது ஊர்ப் பெண்ணொருவர் கள்ளியெனப் பெயர்கேட்க நேர்ந்தது. அந்த வழக்கில் நாமும் ஒரு சிறு பங்கு வகித்தோம். அதனைப் பிழையான பக்கத்தில் நின்று வகித்தோம் என்பதனாலேயே இதனை எழுதுகின்றோம்.

கல்முனைக்கு வடக்கே மருதமுனை தொடக்கம் தெற்கே அக்கரைப்பற்று வரை கடலோரமாக நெருங்கிக் கிடக்கும் நமது ஊர்களில், நெல்லையும் மீனையும் போலவே துணியும் ஒரு சீவனோபாயமாகும். மருதமுனையின் கைத்தறிச் சாரனும் சேலையும் நாடறிந்தவை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய 1970களின் முற்பகுதியில் தறிகள் ஓய்வின்றி ஓடின. 1977 ஆம் ஆண்டின் பின்னர் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்து, பிறநாட்டு ஆலைத்துணி கடைகளிற் குவிந்தபொழுது பல தறிகள் ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை எஞ்சியவற்றுள்ளும் பலவற்றை அழித்துச் சென்றது. நெசவு முற்றாக மறைந்துவிடவில்லை. இன்றும் தறியோசை கேட்கும் வீடுகள் உண்டு. எனினும் தறி ஓய்ந்த வீடுகள் சிலவற்றிலே தையல் மெசின் வந்து அமர்ந்தது. துணியை உண்டாக்கிய குடும்பங்களின் பெண்கள், பிறர் உண்டாக்கிய துணியைத் தைத்துக் கூலி பெறுபவர்களாயினர்.

வெட்டும் இடத்தில் துண்டு விழும். இது தைப்பவரின் கவனக்குறைவால் மட்டும் நேர்வதன்று. தறியிலிருந்து இறங்கும் துணி நேர்கோடுகளால் ஆனது. மனித உடலோ வளைவுகளால் ஆனது. கழுத்தின் வளைவையும் தோளின் சரிவையும் நேர்த்துணியிலிருந்து வெட்டியெடுக்கும்பொழுது, பிறை வடிவிலும் ஆப்பு வடிவிலும் துண்டுகள் எஞ்சியே தீரும். பெரிய ஆடைத் தொழிற்சாலைகளிலுங்கூட வெட்டு மேசையில் துணியின் பத்து முதல் இருபது விழுக்காடு வரை இவ்வாறு கழிந்துபோகிறது என்பது பொதுவான மதிப்பீடு. வெட்டாமலே உடுத்தும் சேலைக்கும் சாரனுக்கும் இந்தக் கேள்வி இல்லை. சட்டை தைக்கத் தொடங்கியவுடன் கேள்வி பிறக்கிறது: எஞ்சியது யாருக்கு?

நமது வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தியின் தாயார், கணவரை இழந்தவர், நமது பகுதியிலுள்ள சிறு தையலகம் ஒன்றில் உருப்படிக் கூலிக்குத் தைத்து வந்தார். அவ்விடத்தில் ஏழெட்டுப் பெண்கள் வேலை செய்தனர். தத்தம் மெசினடியிற் சேர்ந்த துண்டுகளை மாலையில் ஒரு பொதியாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டு செல்வது அங்கு தொடக்கம் முதலே வழக்கமாயிருந்தது. இதற்கு எவரும் அனுமதி கேட்டதில்லை, எவரும் மறுத்ததுமில்லை. கூலியோ மிகக் குறைவு. அக்குறைவைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம், "துண்டுகளும் உங்களுக்குத்தானே" என்று முதலாளியே சொன்னதுண்டு என அப்பெண்கள் நினைவுகூர்ந்தனர்.

பின்னர் ஒருநாள், துண்டுத் துணியை நிறுத்து வாங்கும் வியாபாரி ஒருவர் வந்து சேர்ந்தார். வாகனம் திருத்துமிடங்களில் எண்ணெய் துடைப்பதற்கும் மெத்தைகளில் அடைப்பதற்கும் அது தேவைப்பட்டது. அன்றுவரை குப்பையாயிருந்தது அன்று முதல் சரக்காயிற்று. அன்றுவரை வழக்கமாயிருந்தது அன்று முதல் களவாயிற்று. வாயிலில் பெண்களின் பைகள் சோதிக்கப்பட்டன. அவ்வாறு சோதித்தபொழுது முதலில் அகப்பட்டவர் நமது மாணவியின் தாயார். அவரை வேலையிலிருந்து நிறுத்தினர். செய்தி தெருவெங்கும் பரவியது. பிள்ளை பாடசாலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

முதலாளி ஊரில் மதிப்புள்ளவர். பாடசாலைக் காரியங்களுக்குத் தாராளமாகக் கொடுப்பவர். விடயத்தை அமைதியாக முடித்துவைக்கும்படி நம்மிடம் கேட்டுக்கொண்டார்கள். நாமும் உடன்பட்டோம். அறியாமல் எடுத்துவிட்டதாகவும் மன்னிக்க வேண்டும் என்றும் அந்தத் தாயாரின் பேரில் நாமே ஒரு கடிதம் எழுதினோம். பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றவரல்லவா! கடிதம் பிழையின்றி அமைந்திருந்தது. அவருடைய கையொப்பத்தைப் பெறுவதற்காக ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் அவர் வீட்டுக்குச் சென்றோம். அவருடைய தகப்பனாரும் உடனிருந்தார்.

கடிதத்தை வாசித்துக் காட்டினோம். அவர் கையொப்பமிடவில்லை, அழவுமில்லை. எழுந்து உள்ளே சென்று, தமது உம்மும்மா காலத்து மரப்பெட்டகத்தைத் தகப்பனாரின் துணையோடு முன்கூடத்துக்கு நகர்த்திக் கொண்டுவந்து திறந்தார்.

நாம் எதிர்பார்த்தது ஒரு கந்தற் குவியல். பெட்டகத்துக்குள்ளே இருந்ததோ ஓர் ஒழுங்கு. பருத்தித் துண்டுகள் ஒரு பக்கம், செயற்கை நூற்றுணி இன்னொரு பக்கம் என வகுக்கப்பட்டிருந்தன. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றுவனவற்றை எவ்வாறு பிரிப்பது என்று கேட்டோம். ஒரு நூலை இழுத்து விளக்கிற் காட்டினார். எரிந்து மென்சாம்பலாகி, கடதாசி எரிந்த மணம் வந்தால் அது பருத்தி. உருகிக் கறுத்து மணிபோல் இறுகினால் அது பொலியெஸ்டர். இரண்டையும் ஒரே போர்வையில் இணைத்தல் ஆகாது. சலவையிற் பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது. தையல் இழுபட்டுச் சுருக்கம் விழும். அவ்வாறே நைந்த பழந்துணிக்குப் பக்கத்தில் முரட்டுப் புதுத்துணியை வைத்தலும் ஆகாது. புதியது பழையதைக் கிழித்துவிடும்.

வகையின் பின்னர் அளவு. இரண்டு விரல் அகலத்துக்கும் குறைந்தவை ஒரு சாக்கில், தலையணைக்குள் அடைப்பதற்கு. உள்ளங்கை அளவினவும் சாண் அளவினவும் பிஸ்கட் தகரங்களில், ஒட்டுப் போர்வைக்கு. ஒரு முழத்துக்கு மேற்பட்டவை சுருட்டப்பட்டு, குழந்தைச் சட்டைக்கும் தலையணை உறைக்கும். நிறத்தை அதன் பின்னரே பார்ப்பாராம். சிவப்பும் கருநீலமும் சாயம் விடுவன. தண்ணீர் தெளியும்வரை அவற்றைத் தனியே கழுவிய பின்னரே மற்றவற்றோடு சேர்ப்பார். கைத்தறித் துண்டாயின் கஞ்சிப் பசை முற்றாகப் போகவேண்டும். பசையிருந்தால் பூச்சி வந்து அரிக்கும்.

நமது கரையோரத்தில் துணிக்குப் பகை ஈரம். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் சுவரே வியர்க்கும். கடற்காற்றின் உப்பு ஆணியைத் தின்னும். ஆகையால் துண்டுகளைக் குண்டூசி கொண்டு சேர்த்து வைப்பதில்லை; துருக்கறை பிடித்தால் அத்துண்டு போயிற்று. பொலித்தீன் பையிலும் வைப்பதில்லை. உள்ளே அடைபட்ட ஈரம் பூஞ்சணத்தை உண்டாக்கும். பெட்டகத்தின் அடியிற் செய்தித்தாளை விரிக்காமல், தோய்த்துலர்ந்த பழைய வெள்ளைத் துணியை விரித்திருந்தார். காய்ந்த வேப்பிலை சிறு சிறு முடிச்சுகளாக மூலைகளிற் கிடந்தது. மழைக்கு முன்னர் ஒருமுறை, மழை விட்டதும் ஒருமுறை அனைத்தையும் வெளியிலெடுத்து நிழலில் உலர்த்துவார். வெயிலில் உலர்த்தினால் நிறம் வெளிறும். திரும்ப வைக்கும்பொழுது பழைய மடிப்பில் மடிக்காமல் வேறிடத்தில் மடிப்பார். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்த துணி அந்த மடிப்பிலேயே அறுந்துவிடும் என்றார்.

இவ்வளவும் நமக்குப் புதிய கல்வி. ஆயினும் நம்மை நிறுத்தி வைத்தது இதுவன்று. பெட்டகத்தின் ஓர் அறையில் சிறு சிறு பொட்டலங்கள் தனியே இருந்தன. ஒவ்வொன்றும் அதே துணியின் ஓரக்கீற்றினாற் கட்டப்பட்டு, பெயர் எழுதிய சீட்டுச் செருகப்பட்டிருந்தது. அவை என்னவென்று கேட்டோம்.

"சேர், இது வீட்ட தைக்கக் குடுத்த ஆக்கள்ர துண்டு. சட்டைய குடுக்கக்குள்ள இதையும் சேத்துக் குடுக்கணும். இது அமானிதம். அங்க கடையில எடுத்தது எங்கட. ரெண்டையும் நான் ஒருநாளும் கலந்ததில்ல."

நமது சட்டைப்பையிலே மன்னிப்புக் கடிதம் இருந்தது. உடைமை என்றால் என்னவென்று நாம் அவருக்குக் கற்பிக்கச் சென்றிருந்தோம்.

இனி இவ்வழக்கின் நியாயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வோம். வெட்டுத் துண்டு யாருக்குரியது என்னும் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஒருவர் தமது துணியைக் கொண்டுவந்து தைக்கக் கொடுத்தால், சட்டையும் அவருடையது, எஞ்சியதும் அவருடையது. தைப்பவரின் கையில் அது அடைக்கலப் பொருள். அதனைத் திருப்பிக் கொடாத தையற்காரர் சிறு அளவிலேனும் நம்பிக்கைக்குத் துரோகம் செய்கிறார். இதனை உழைப்பின் பேரால் நியாயப்படுத்த நாம் முற்படவில்லை. அந்தத் தாயாரும் முற்படவில்லை. பெயர்ச் சீட்டோடு கட்டப்பட்ட பொட்டலங்களே அதற்குச் சான்று.

தையலகத்தின் துண்டு வேறு வகையைச் சார்ந்தது. அங்கே துணி முதலாளியுடையது என்பது உண்மை. ஆனால் கூலி பேசப்பட்ட விதத்தை நோக்கவேண்டும். துண்டும் சேர்த்தே கணக்கிடப்பட்டமையால் கூலி குறைவாக நின்றது. எழுத்தில் இல்லாத இந்த உடன்பாட்டை இரு தரப்பினரும் ஆண்டுக்கணக்கில் ஏற்று நடந்தனர். எனவே துண்டு என்பது முதலாளி இரங்கி விட்டுக்கொடுத்த பொருளன்று. கூலியின் ஒரு பகுதி துணியாகக் கொடுக்கப்பட்டது. துண்டுக்கு விலை வந்தவுடன் அதனைத் திரும்ப எடுத்துக்கொள்வதாயின், அதற்கு ஈடான காசைக் கூலியிற் சேர்க்கவேண்டும். சேர்க்காமல் எடுத்தால் கூலியைக் குறைத்ததாகும். கூலியைக் குறைத்தேன் என்று சொல்ல நாவெழாத இடத்தில், நீ திருடினாய் என்று சொல்லுதல் எளிதாயிருந்தது.

இது நமது ஊரில் மட்டும் நிகழ்ந்த புதுமையன்று. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் இதே வழக்கு நடந்தது. இலண்டன் தையற்காரர்கள் வெட்டில் எஞ்சிய துண்டைத் தமதெனக் கொண்டனர். அதற்கு அவர்களின் பரிபாஷையில் கோவா என்று பெயர். நெசவாளர்கள் பாவின் முடிவில் தறியில் எஞ்சிய நூல்முனைகளைத் தமதெனக் கொண்டனர். நூலையும் கம்பளியையும் வீடுகளுக்குக் கொடுத்துக் கூலிக்கு வேலை வாங்கிய வணிகர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1749 ஆம் ஆண்டிலும் 1777 ஆம் ஆண்டிலும் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்கள், வேலைக்குக் கொடுத்த பொருளில் எதனையும் வைத்துக்கொள்வதைக் கடுந்தண்டனைக்குரிய குற்றமாக்கின. ஐயத்தின்பேரில் வீடுகளைச் சோதிக்கலாம் என்றாயிற்று. தன்னிடமுள்ள நூல் எங்கிருந்து வந்தது என்று விளக்க இயலாதவர் குற்றவாளியெனக் கொள்ளப்பட்டார். தையலகத்தின் வாயிலில் பைகள் சோதிக்கப்பட்டபொழுது, அச்செயலுக்குப் பின்னால் இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு நின்றது. சோதித்தவரும் அதனை அறியார், சோதிக்கப்பட்டவரும் அறியார்.

இதனையொத்த வேறொரு வழக்கு நமது வாசகர்களுள் பலருக்குத் தெரிந்திருக்கும். யேர்மனியின் ரைன் மாகாணத்தில் காட்டில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளிகளை ஏழைகள் பொறுக்கிச் செல்வது நெடுநாள் வழக்கம். காட்டின் சொந்தக்காரர்கள் அதனைக் களவெனத் தண்டிக்கும் சட்டம் வேண்டினர். மாகாண சபையும் அதற்கு இசைந்தது. அப்பொழுது இருபத்து நான்கு வயது இளைஞராயிருந்த கார்ல் மார்க்ஸ், கொலோன் நகரில் வெளியான நாளிதழொன்றில் 1842 ஆம் ஆண்டு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் அந்த விவாதங்களை ஆராய்ந்து தொடர்ந்து எழுதினார். நிற்கும் மரத்தை வெட்டுவதும் விழுந்த சுள்ளியைப் பொறுக்குவதும் ஒரே செயலாகா என்பது அவர் வாதங்களுள் ஒன்று. தம்மைப் பொருளாதார ஆராய்ச்சியின் பக்கம் முதலில் திருப்பியவற்றுள் அந்த விவாதங்களும் இருந்தன எனப் பின்னர் 1859 ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில் அவரே குறிப்பிட்டார். ஒரு பெரும் சிந்தனையாளருக்குச் சுள்ளி சிறிய பொருளாகப் படவில்லை. நமக்கு மட்டும் துணித்துண்டு ஏன் சிறிய பொருளாகப் படவேண்டும்?

இங்கே எதிர்வாதமொன்றை நேர்மையாக எடுத்துக்கொள்ளல் வேண்டும். எஞ்சியது தொழிலாளிக்கு என்றால், எஞ்சுமாறு வெட்டுவதற்கு அவருக்கு ஆசை பிறக்காதா? இக்கேள்வி நியாயமானது. பழைய இங்கிலாந்திலும் இதனையே முறையிட்டனர். நாம் சொன்ன தையலகத்தில் பெண்கள் துணியை வெட்டுவதில்லை. வெட்டுபவர் முதலாளியின் வேறொரு சம்பளக்காரர். ஆகையால் அங்கே இவ்வாதம் செல்லாது. ஆனால் பொதுவாக நோக்குமிடத்து, கூலியைத் துண்டாகக் கொடுக்கும் முறை இரு தரப்பினரையும் கெடுக்கும் முறையே. கொடுப்பவருக்கு அது கொடாதது போல் தோற்றமளிக்கிறது. பெறுபவரை அது எப்பொழுதும் ஐயத்தின் நிழலில் நிறுத்துகிறது. நேரான கூலியைக் காசாகக் கொடுத்து, துண்டின் கணக்கையும் வெளிப்படையாக வைத்தலே நன்று. துண்டின் மீதுள்ள உரிமையை நாம் ஆதரிப்பது, அதுவே இறுதி நீதி என்பதனாலன்று. அதற்கு ஈடு கொடாமல் அதனைப் பறித்தல் அநீதி என்பதனாலேயே.

இன்னொரு பிழையும் உண்டு. அது நம்மைப் போன்ற படித்தவர்களுடைய பிழை. அந்தப் பெட்டகத்தின் ஒழுங்கைக் கண்டு வியந்த நமக்கு, மறுநாளே அதனைப் பாடசாலைக் கூட்டத்தில் சிக்கனத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத் தோன்றியது. நல்லவேளையாகச் சொல்லவில்லை. நபிகள் நாயகம் தமது கிழிந்த ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதையும், கலீபா உமர் ஒட்டுப்போட்ட ஆடையோடு ஆட்சி புரிந்ததையும் சிறுவயதில் ஓதப்போன காலத்திலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவ்வரலாறுகளின் பொருள் யாது? முழுத்துணியை உடுத்தும் வாய்ப்பும் அதிகாரமும் கையிலிருந்தும், ஒட்டுத்துணியோடு நின்றமையே உமரின் பெருமை. தெரிவு செய்யும் வாய்ப்புள்ளவன் குறைத்துக்கொள்வது ஒழுக்கம். அவ்வாய்ப்பே இல்லாதவளிடம் சென்று, ஒட்டுப்போட்டு உடுத்தல் உயர்ந்த பண்பு என்று பாராட்டுவது, முழுத்துணியை வைத்திருப்பவனுக்கு வக்காலத்து வாங்குவதாகும். ஏழையின் சிக்கனத்தைப் புகழ்வோர், அந்தச் சிக்கனத்தைக் கட்டாயமாக்கிய கூலியைப் பற்றியும் அதே மூச்சிற் பேசக் கடமைப்பட்டவர்கள்.

அப்படியாயின் துண்டுகளைப் பேணி அடுக்கும் அந்த உழைப்புக்கு மதிப்பே இல்லையா? உண்டு. ஒவ்வொரு துண்டிலும் பருத்தியை விளைவித்தவரின் உழைப்பும், நூற்றவரின் உழைப்பும், நெய்தவரின் உழைப்பும் அடங்கியிருக்கின்றன. அதனைக் குப்பையில் எறிதல் அவ்வுழைப்பை எறிதலாகும். நெய்து வாழ்ந்த சமூகத்திற் பிறந்த பெண்ணுக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மேலும், சேமிப்புக்கும் பதுக்கலுக்கும் உள்ள வேறுபாட்டையும் அந்தப் பெட்டகத்திற் கண்டோம். எந்தத் துண்டு எதற்கென்று அவர் சொல்லக்கூடியவராயிருந்தார். பயன் சொல்ல முடியாத துண்டு எதுவும் அங்கே இல்லை. பெட்டகம் நிறைந்தால், நிறைந்ததற்கு மேற்பட்டதை அயல்வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்துவிடுவார். பயனும் எல்லையும் உடையது சேமிப்பு. பிறருக்குக் கிடையாதிருக்கட்டும், விலை ஏறட்டும் என்று அடைத்து வைப்பது பதுக்கல். தட்டுப்பாட்டுக் காலங்களில் அரிசி மூட்டைகளையும் துணிக்கட்டுகளையும் பூட்டி வைத்தவர்களை நமது மக்கள் கண்டிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரைத் தெரு கள்ளனென்று கூவியது?

துண்டுகளை இணைக்கும் கலை உலகத்துக்குப் பொதுவானது. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலினாலேயே தைத்துக் காந்தா என்னும் போர்வையை ஆக்கினர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்தோடும் ஜீஸ் பென்ட் என்னும் இடத்தில் அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அவ்வூர்ப் பெண்கள் வயல்வேலைக்கு உடுத்துத் தேய்ந்த காற்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். வாக்குரிமைப் போராட்டம் நிகழ்ந்த அக்காலத்தில், 1966 ஆம் ஆண்டு, அந்தப் பிரதேசத்துக் கறுப்பினப் பெண்கள் ஃபிரீடம் குவில்டிங் பீ என்னும் கூட்டுறவுச் சங்கமொன்றை நிறுவினர். சுதந்திரத்தைப் போர்வையின் பெயரோடு சேர்த்துச் சூட்டிய சங்கம் அது. 1972 ஆம் ஆண்டு முதல் சியர்ஸ் என்னும் பெரு வணிக நிறுவனத்துக்கு அவர்கள் தலையணை உறைகள் தைத்தனர். அவ்வேலையில் எஞ்சிய கோடுறோய் என்னும் வரித்துணித் துண்டுகள் ஜீஸ் பென்ட் வீடுகளுக்குச் சென்று போர்வைகளாயின.

2002 ஆம் ஆண்டு அப்போர்வைகள் ஹியூஸ்டன் நகரின் நுண்கலை அரும்பொருளகத்தின் சுவர்களில் தொங்கவிடப்பட்டன. தரையிற் கிடந்த துண்டு சுவரேறிற்று. கதை அங்கே முடியவில்லை. போர்வைகளாலும் அவற்றின் வடிவங்களாலும் வந்த வருவாயில் தமக்குரிய பங்கு கிடைக்கவில்லையென, தைத்த பெண்கள் சிலர் 2007 ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். மறுஆண்டு அது இணக்கமாகத் தீர்க்கப்பட்டது. துண்டுக்கு விலையில்லாதவரை அது ஏழையுடையது. விலை வந்ததும் அது யாருடையது என்னும் கேள்வி கல்முனையிலும் எழுகிறது, அலபாமாவிலும் எழுகிறது. வழக்குத் தொடுக்க அவர்களுக்கு ஒரு வழியிருந்தது. சங்கமாகச் சேர்ந்து பழகிய அனுபவமும் அந்தப் பிரதேசத்துக்கு இருந்தது. நமது தையலகத்துப் பெண்களுக்கு அதுவரை இரண்டும் இருக்கவில்லை.

நாம் எழுதிச் சென்ற கடிதத்தை அந்த வீட்டிலேயே கிழித்துவிட்டோம். இரண்டு ஆசிரிய நண்பர்களோடும் அவருடைய தகப்பனாரோடும் முதலாளியைக் காணச் சென்றோம். "ஹாஜியார், அவர் பேர் எழுதிக் கட்டிவைத்திருக்கும் பொட்டலங்களை நீங்கள் வந்து பார்க்கவேண்டும்" என்றோம். அவர் வரவில்லை. துணி தம்முடையது, துண்டும் தம்முடையது என்றார். கொடியவர் என்று அவரைச் சொல்லமாட்டோம். கொழும்பிலிருந்து வேலை கொடுப்பவர் அவருடைய விலையைக் குறைக்கிறார். அவர் பெண்களின் கூலியைக் குறைக்கிறார். தமக்கு மேலிருப்பவரிடம் கேட்க முடியாததைத் தமக்குக் கீழிருப்பவரிடம் எடுக்கிறார். இது ஒரு மனிதரின் குணத்தால் மட்டும் விளைவதன்று. எனினும் கள்ளி என்ற சொல்லைச் சொன்ன வாய் அவருடையதே.

நாம் பேசி ஆகாதது, பின்னர் அப்பெண்கள் பேசியபொழுது ஓரளவு ஆயிற்று. அவர்கள் எழுவரும் ஒருநாட் காலையில் மெசினில் அமர்வதற்கு முன்னர் சேர்ந்து நின்று, துண்டைத் தாருங்கள், அல்லது அதன் விலையைக் கூலியிற் சேருங்கள் என்று கேட்டார்கள். ஒரு சாணுக்குக் குறைந்தவை பெண்களுக்கு, அதற்கு மேற்பட்டவை வியாபாரிக்கு என்று முடிவாயிற்று. களவென்ற பேச்சும் அவர்கள் முன்னிலையில் மீட்கப்பட்டது. இது வெற்றியன்று, பாதி. கூலி உயரவில்லை. வேலையை இழந்தவரைத் திரும்ப அழைத்தபொழுது அவர் செல்லவில்லை, வீட்டிலிருந்தே தைக்கிறார். இப்பொழுது வருவாய் முன்னையிலும் குறைவு. பிள்ளை இரண்டு வாரங்களின் பின்னர் வகுப்புக்கு வந்தாள். அவளுடைய புத்தகப் பை அந்தப் பெட்டகத்துத் துண்டுகளால் தைக்கப்பட்டது என்பதை நாம் அன்றுதான் கவனித்தோம். ஓராண்டுக்கு மேலாக அவள் அதனையே சுமந்து வந்திருக்கிறாள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுவே. ஊரில் நடக்கும் பிணக்குகளில் நம்மை நடுவராக அழைக்கிறார்கள். நமக்கு எழுத்துத் தெரியும் என்பதற்காக அழைக்கிறார்கள். பெரும்பாலும் நாம் எழுதிக் கொடுப்பது பலவீனமானவரின் மன்னிப்புக் கடிதமாகவே இருக்கிறது. அமைதி நிலவவேண்டும் என்பது அதற்கு நாம் சொல்லும் காரணம். களவு தீது என்று வகுப்பிற் கற்பிக்கிறோம்; அது கற்பிக்கத் தக்கதே. ஆனால் இன்னது களவு என்று வகுத்தவர் யார், எந்த நாள் முதல் அது களவாயிற்று, அதற்கு முதல் நாள் அதன் பெயர் என்னவாயிருந்தது என்னும் கேள்விகளையும் மாணவர் கேட்கப் பழகவேண்டும். அப்பழக்கம் இல்லாதவிடத்து நமது கல்வி பிழையற்ற கடிதம் எழுதவே பயன்படும்.

அடுத்த முறை எவரேனும் ஒருவர் பிறர் பொருளை எடுத்தார் என்று நம்மிடம் முறையிட வந்தால், எழுதுகோலை எடுப்பதற்கு முன்னர் அவர் வீட்டுக்குச் சென்று பெட்டகத்தைத் திறந்து காட்டும்படி கேட்போமாக. குற்றஞ்சாட்டியவரின் களஞ்சியத்தையும் அவ்வாறே திறந்து காட்டும்படி கேட்போமாக.